ஒற்றனும் புலவனும்

புறநானூற்றின் நாற்பத்தேழாம் பாட்டு எழுந்த சூழலை அதன் அடிக்குறிப்பு சுருங்கக் கூறுகிறது. சோழர் குடியின் இரு கிளைகள் தம்முட் பகைத்துநின்ற காலம் அது. நலங்கிள்ளியிடமிருந்து புறப்பட்டு உறையூர் புகுந்த இளந்தத்தன் என்னும் புலவனை, அங்கிருந்த நெடுங்கிள்ளி, பகைவன் விடுத்த ஒற்றன் எனக் கொண்டு கொல்லப் புகுந்தான். கோவூர்கிழார் இடைநின்று பாடி அப்புலவனை உய்வித்தார்.

இந்நிகழ்ச்சியைக் கற்பிப்போர் புலவரின் பெருமையையே எடுத்துக் கூறுவது வழக்கம். நெடுங்கிள்ளியின் பக்கத்தையும் ஒருகால் நோக்குதல் வேண்டும். உறையூர் முற்றுகையைக் கண்ட ஊர். பகைவனிடமிருந்து வருபவனை ஐயுறாத காவலன் காவலன் ஆகான். ஆகவே அவன் ஐயுற்றது பிழையன்று. ஐயத்தையே முடிபாகக் கொண்டு வாளை எடுத்தமையே பிழை. கோவூர்கிழார் செய்தது யாது? அரசனின் காவற் கடமையை அவர் இகழ்ந்தாரல்லர். புலவர் எவ்வாறு வாழ்பவர், அவர்தம் தொழிலின் இயல்பு யாது என்பதை அத்தொழிலை அறிந்தவர் என்ற முறையில் எடுத்துரைத்தார். அரசனும் வாளை வீசுமுன் கேட்டான். அறிந்தவன் ஒருவன் பேசியதும், அதிகாரமுடையவன் உரிய காலத்திற் கேட்டதும் ஆகிய இரண்டும் ஒருங்கே அமைந்தமையால் அன்று ஓர் உயிர் தப்பியது. இலங்கையின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தை ஆராயப் புகுவோர்க்கு இவ்விரண்டு நிபந்தனைகளே தக்க அளவுகோலாகும்.

மன்னார்த் தீவுக்குத் தெற்கே, முத்துக்குளிப்பினாற் பெயர்பெற்ற சிலாவத்துறைக் கரையைச் சார்ந்தவர் அஹ்னப் ஜசீம் என்னும் இளம் ஆசிரியர். மன்னாரமுது என்னும் புனைபெயரை முன்வைத்து எழுதுபவர். 2017ஆம் ஆண்டில் 'நவரசம்' என்னும் கவிதை நூலை வெளியிட்டார். 2020 மே 16ஆந் தேதி பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ்க் கைதுசெய்யப்பட்டார். ஓராண்டுக்கு மேல் தடுப்புக் காவலிலும், பின்னர் விளக்கமறியலிலும் இருந்தார். 2021ஆம் ஆண்டின் இறுதியிலேயே அவர்மீது குற்றப் பத்திரம் தாக்கல் செய்யப்பட்டது. அவ்வாண்டு டிசம்பர் 15இல் புத்தளம் மேல் நீதிமன்றம் பிணை வழங்கிற்று. 2023 டிசம்பரில் அதே நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவரென விடுவித்தது. சிறையிற் கழிந்தவை பத்தொன்பது மாதங்கள். வழக்கின் நிழலிற் கழிந்தவை மூன்றரை ஆண்டுகள்.

இவ்வழக்கில் அந்நூல் பெற்ற இடமே ஆய்வுக்குரியது. தமிழ்க் கவிதைகள் சிங்களத்திற் பெயர்க்கப்பட்டுச் சிறுவர் மனநல மருத்துவரிடம் அபிப்பிராயம் பெறப்பட்டதாகவும், அவை இளையோரைத் தீவிரவாதத்தின்பாற் செலுத்துவன என அவர்கள் கூறியதாகவும் அவருக்காகப் பரிந்து பேசிய மனித உரிமை அமைப்புகள் வெளியிட்டன. மூலத்தைத் தமிழிற் படித்தோர் கூறியதோ வேறு. போரை வெறுப்பனவும், ஐ.எஸ். இயக்கத்தின் கொடுஞ்செயலைக் கண்டிப்பனவும் அந்நூலில் உள்ளன என அவர்கள் எடுத்துக்காட்டினர். வன்முறையைக் கண்டிக்கும் பாட்டே வன்முறையைத் தூண்டுவதாகக் கொள்ளப்பட்டதெனின், அஃது எவ்வாறு நிகழ்ந்தது?

தமிழ் இலக்கணம் அறிந்தோர்க்கு விடை எட்டாததன்று. தொல்காப்பியர் செய்யுளியலில் முப்பத்து நான்கு உறுப்புகளைக் கூறுமிடத்துக் கூற்று, கேட்போர், களன், காலம், பயன், மெய்ப்பாடு என்பவற்றையும் வைத்தார். ஒரு பாட்டிற் பேசுபவர் யார், யாரிடம் பேசுகிறார், எவ்விடத்தில், எதன் பொருட்டு என்பன தெளியப்படாதவரை அப்பாட்டின் பொருள் தெளியப்பட்டதாகாது. தலைவி கூற்றைப் பாடிய ஆண்பாற் புலவர் பெண்ணாகிவிடுவதில்லை. கொடியோன் ஒருவனைப் பேசவைத்த புலவர் கொடியவராகிவிடுவதுமில்லை. 'நவரசம்' என்னும் பெயரே நூலின் வாயிலில் நின்று இதனை அறிவிக்கிறது. உருத்திரமும் வீரமும் அச்சமும் இழிப்பும் சுவைகளே. அவற்றோடு சேர்த்தே நகையும் அவலமும் எண்ணப்படும். ஒன்பதாவது சுவைக்குத் தமிழ் உரைகாரர் இட்ட பெயர் நடுவுநிலை என்பது. நூலைத் தீர்ப்புச் சொல்லப் புகுந்தோர் அவ்வொன்பதாவதை மட்டும் மறந்தனர் போலும்!

மருத்துவரைக் குறைகூறுதல் எளிது. ஆயினும் அது முழு நீதியாகாது. தமிழறியாத மருத்துவரிடம் பெயர்ப்பொன்று கொடுக்கப்பட்டால், அவர் பெயர்ப்பைத்தான் படிப்பார். கூற்றும் மெய்ப்பாடும் களைந்த பெயர்ப்பில் எஞ்சுவது குருதி, வாள், தீ முதலிய சொற்களே. இத்தகைய சொற்களை மட்டும் பொறுக்கியெடுத்தால் கலிங்கத்துப்பரணி பாடிய சயங்கொண்டாரும் எந்த நாட்டிலும் பிணை பெறமாட்டார். குறை, அத்தகைய வாசிப்பை ஒருவரின் சுதந்திரத்தைப் பறிப்பதற்குப் போதிய சான்றாக ஏற்கும் சட்டத்தின்பாலது.

அச்சட்டம் 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம். அவ்வாண்டு யூலையில் மூன்றாண்டுக் காலத்திற்கெனத் தற்காலிக ஏற்பாடாக நிறைவேற்றப்பட்டது. 1982ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கத் திருத்தத்தால் நிலையானதாயிற்று. பிரித்தானியா 1974இல் இயற்றிய இதே பெயருடைய சட்டம் இதற்கு முன்மாதிரி என்பர். பெயரளவில் அஃது உண்மை. ஆங்குக் காவலின் எல்லை ஏழு நாள். ஈங்கு அமைச்சரின் கட்டளையால் மும்மூன்று மாதங்களாக நீட்டிப் பதினெட்டு மாதம். ஆங்குப் பாராளுமன்றம் காலந்தோறும் புதுப்பிக்க வேண்டியிருந்தது. ஈங்கு அத்தேவை மூன்றே ஆண்டில் ஒழிந்தது.

சொல் பற்றிய குற்றம் அதன் இரண்டாம் பிரிவில் உள்ளது. பேசிய சொல்லாலோ, படிக்கப்படுவதற்கென எழுதிய சொல்லாலோ, குறியாலோ சமூகங்களிடையே ஒற்றுமைக்குலைவை அல்லது பகையுணர்வை விளைவித்தலும், விளைவிக்கக் கருதுதலும் குற்றம். தண்டனை ஐந்தாண்டு முதல் இருபதாண்டு வரை. வன்செயல் எதுவும் நிகழவேண்டுவதில்லை. இப்பிரிவின் ஒவ்வொரு சொல்லும் வாசிப்பைச் சார்ந்து நிற்பதை நோக்குக. எழுத்து பகையை விளைவிக்குமா என்பது வாசித்தே அறியற்பாலது. எனினும் அதனை எம்மொழியில், எத்தகுதியுடையவர் வாசிக்க வேண்டும், எத்தனை நாளுக்குள் வாசித்து முடிக்க வேண்டும் என்பது பற்றிச் சட்டம் ஒரு சொல்லும் கூறவில்லை. களவுபோன நகையை மதிப்பிடப் பொற்கொல்லரை அழைக்கும் நாட்டில், கவிதையை மதிப்பிட அம்மொழியறிந்தவரை அழைக்கவேண்டும் என்னும் விதி இல்லை.

இவ்வாயுதம் சிறுபான்மையோர் மொழியின்மீது மட்டுமே பாய்வது என எண்ணுதலும் தவறு. 2019 ஏப்பிரிலில் சக்திக சத்குமார என்னும் சிங்கள எழுத்தாளர் ஒரு சிறுகதைக்காகக் கைதாகி நான்கு மாதம் மறியலில் இருந்தார். அவர்மீது ஏவப்பட்டது 2007ஆம் ஆண்டின் குடியியல் அரசியல் உரிமைகள் சட்டம். உரிமையைக் காக்கவெனப் பிறந்த சட்டம்! அவரது கதையைப் படித்தோர்க்கு மொழி தெரிந்தேயிருந்தது; கதைமாந்தர் கூற்றுக்கும் ஆசிரியர் கூற்றுக்கும் உள்ள வேறுபாடுதான் தெரிந்திருக்கவில்லை.

மொழி அறியாமையின் முழுக் கொடுமையையும் காண விரும்புவோர் சிங்கராசா வழக்கைக் காணல் வேண்டும். தமிழ் மட்டுமே பேசக்கூடிய அவ்விளைஞரின் குற்ற ஒப்புதல் வாக்குமூலம் எனப்பட்ட பத்திரம் சிங்களத்தில் தட்டெழுதப்பட்டிருந்தது. மொழிபெயர்த்தவர் பொலிஸ் சேவையைச் சேர்ந்த ஒருவர். கீழே இடப்பட்டது பெருவிரல் அடையாளம். 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டப்படி பொலிசாரிடம் கொடுத்த ஒப்புதல் செல்லாது. குடியேற்ற ஆட்சியாளரே தம் பொலிசாரை அவ்வளவுக்கு நம்பவில்லை. 1979ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16ஆம் பிரிவோ, உதவிப் பொலிஸ் அத்தியட்சர் முன்னிலையிற் கொடுத்ததாயின் செல்லும் என்றது. அது தாமாகக் கொடுத்ததன்று என மெய்ப்பிக்கும் பாரத்தையும் எதிரியின் தலையில் ஏற்றியது. 1995இல் அவருக்கு விதிக்கப்பட்டது ஐம்பதாண்டுச் சிறை. மேன்முறையீட்டில் முப்பத்தைந்தாகக் குறைந்தது. 2004இல் ஐக்கிய நாடுகள் மனித உரிமைக் குழு, இம்முறை நீதியான விசாரணைக்கு மாறானது எனக் கண்டது. 2006இல் இலங்கை உயர் நீதிமன்றம், அக்குழுவிடம் முறையிட வழிசெய்த இணக்கமே அரசியலமைப்புக்கு முரணானது என்று கூறி மனுவைத் தள்ளியது. பெருவிரல் இடப்பட்ட தாளில் எழுதியிருந்தது யாது என அவ்விரலுக்குரியவர் தாமே படித்தறிய இயலாதிருந்தார் என்னும் எளிய உண்மை, சட்ட நுணுக்கங்களுக்கிடையே எங்கோ ஒதுங்கிப்போயிற்று.

இனி மறுதலையான வாதத்தையும் அதற்குரிய வலிமையோடு கேட்டல் வேண்டும். 2019 ஏப்பிரில் 21, உயிர்த்த ஞாயிறன்று, கொழும்பிலும் நீர்கொழும்பிலும் மட்டக்களப்பிலும் தேவாலயங்களிலும் விடுதிகளிலும் வெடித்த குண்டுகள் இருநூற்றைம்பதுக்கு மேற்பட்டோரைக் கொன்றன. பலியானோருள் வழிபாட்டிற்குச் சென்ற சிறுவரும் பலர். கத்தோலிக்கர் செறிந்து வாழும் மன்னாருக்கு அச்செய்தி அயலார் செய்தியன்று. இத்தகைய கொடுமை நிகழ்ந்த நாட்டிற் சொல்லைக் கண்காணியாதிருக்க முடியுமா என்று கேட்பவர் அறிவிலியும் அல்லர், கொடியவரும் அல்லர். சொல் செயலாகும் என்பதற்கு அக்கொடுமையின் தலைவனே சான்று. சஹ்ரானின் வெறுப்புரைகள் பல ஆண்டுகளாக இணையத்தில் வெளிப்படையாகவே பரவின.

அவ்வுரைகள் எம்மொழியில் இருந்தன? தமிழில். அவற்றைக் கேட்டு அஞ்சியவர் யாவர்? காத்தான்குடியிலும் பிற ஊர்களிலும் வாழ்ந்த முஸ்லிம்களே. அவர்கள் அதிகாரிகளிடம் முறையிட்டனர். 2017 மார்ச்சில் காத்தான்குடியில் நிகழ்ந்த மோதலுக்குப்பின் அவன் தலைமறைவானான். 2019 ஏப்பிரில் முதற்பகுதியில் தாக்குதல் பற்றிய எச்சரிக்கை வெளிநாட்டு உளவுத்துறையிடமிருந்தே வந்தது. அதுவும் உரிய செயலாக மாறவில்லை. 2023 சனவரியில் உயர் நீதிமன்றம் முன்னாள் சனாதிபதி மைத்திரிபால சிறிசேன பத்துக் கோடி ரூபா நட்டஈடு செலுத்தவேண்டுமெனக் கட்டளையிட்டதும், பாதுகாப்புத் துறையின் உயர் அதிகாரிகளைப் பொறுப்பாளிகளாகக் கண்டதும் இக்காரணத்தாலேயே. பயங்கரவாதத் தடைச் சட்டம் அப்பொழுது நாற்பதாவது ஆண்டை எட்டியிருந்தது. அதிகாரம் போதாமையால் அந்த ஞாயிறு நிகழவில்லை.

இவ்விரு செய்திகளையும் அருகருகே வைத்துப் பார்க்குங்காற் புலப்படுவதே இக்கட்டுரையின் பொருள். உண்மையில் நஞ்சாக இருந்த தமிழ்ப் பேச்சு உரிய காலத்திற் கேட்கப்படவில்லை. நஞ்சல்லாத தமிழ்க் கவிதை நஞ்செனப் படிக்கப்பட்டது. இரண்டும் ஒரே குறைபாட்டின் இரு முகங்கள். சுதந்திரத்தையும் பாதுகாப்பையும் துலாக்கோலின் இரு தட்டுகளாக உருவகித்து, ஒன்று தாழ மற்றொன்று உயரும் எனச் சட்ட அறிஞரும் அரசியலாரும் பேசுவர். அவ்வுருவகம் இங்குப் பொருந்துவதாயில்லை. அஹ்னப்பின் பத்தொன்பது மாதச் சிறையால் நாட்டின் பாதுகாப்பு ஓர் எள்ளளவும் உயர்ந்ததில்லை. தமிழை ஊன்றிப் படிக்கவல்ல ஒருவர் உரிய இடத்தில் இருந்திருப்பின், 2019க்கு முன் குண்டுவெறியன் அடையாளங் காணப்பட்டிருக்கலாம். 2020க்குப்பின் கவிஞர் வீட்டிலேயே இருந்திருக்கலாம்.

ஒற்றாடல் பற்றித் தனி அதிகாரம் வகுத்த வள்ளுவர் அரசின் பாதுகாப்பைக் குறைவாக மதித்தவரல்லர். ஆயினும் ஓர் ஒற்றன் கூறியதை மற்றோர் ஒற்றனைக்கொண்டு ஆராய்க என்றார். ஒருவரையொருவர் அறியாத மூவர் சொல் ஒத்தபின்னரே தெளிக என்றார். இதனை அறவுரை என்பதினும் பாதுகாப்பு நுட்பம் என்பதே பொருந்தும். ஆராயாது நம்பும் அரசன் நல்லாரை இழப்பதோடு பகைவனையும் தப்பவிடுவான்.

'நம்புவதற்கு நியாயம் உண்டு' என்னும் தொடரை யார் படிப்பது என்ற வினா ஆங்கில நீதிமன்றங்களிலும் எழுந்தது. இரண்டாம் உலகப்போரின்போது, 1941இல், லிவர்சிட்ஜ் வழக்கில் பிரபுக்கள் சபையின் பெரும்பான்மை நீதியரசர், தமக்கு நியாயம் உண்டென அமைச்சர் எண்ணினாற் போதும் என்றனர். அற்கின் பிரபு ஒருவரே மறுத்தார். நியாயம் 'உண்டு' என்பதும், உண்டென ஒருவர் 'எண்ணுகிறார்' என்பதும் வேறு வேறு என்றார். தான் வழங்கும் சொல்லுக்குத் தான் கருதியதே பொருள் என வாதிடும் லூயிஸ் கரோலின் கதைப் பாத்திரத்தை எடுத்துக்காட்டித் தம் தோழரை நகையாடவும் செய்தார். அவர் பக்கமே நியாயம் இருந்ததென்பதற்கு முதற் சாய்வு இலங்கையிலிருந்து சென்ற ஒரு வழக்கிலேயே தோன்றியது. நக்குடா அலி என்னும் புடைவை வணிகரின் வழக்கில், பிரிவி கவுன்சிலின் ரட்கிளிஃப் பிரபு, அத்தகைய தொடர் வரின் நியாயம் உண்மையிலேயே இருத்தல் வேண்டும் என்றார். பிரபுக்கள் சபை தன் பழைய பெரும்பான்மை பிழைத்ததென 1979 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. அதற்கு ஐந்தே மாதம் முன்னர் கொழும்பில் இயற்றப்பட்ட சட்டமோ, அமைச்சர் 'நம்பவோ ஐயுறவோ' நியாயம் இருப்பின் போதுமென்று எழுதி, அக்கட்டளையை எந்நீதிமன்றிலும் வினவலாகாது என்றும் சேர்த்திருந்தது. ஐயுறுதற்கும் ஒரு நியாயம்! நெடுங்கிள்ளிக்கும் அஃது இருந்ததன்றோ?

பாக்குநீரிணைக்கு அப்பாலும் இதே கதை நடந்தது. இந்தியாவின் பொடாச் சட்டத்தின்கீழ், திருமங்கலத்திற் பேசிய பேச்சுக்காக, வைகோ 2002 யூலையிற் கைதாகிப் பத்தொன்பது மாதம் சிறையிலிருந்தார். 2003 டிசம்பரில் இந்திய உச்ச நீதிமன்றம் அச்சட்டம் செல்லும் என்றே கூறிற்று. ஆயினும் பயங்கரவாதச் செயலுக்கு ஊக்கம் அளிக்கும் கருத்து இன்றி வெறும் தார்மிக ஆதரவைச் சொல்லால் வெளியிடுதல் குற்றமாகாது என வரையறுத்தது. 2004இல் அச்சட்டமே நீக்கப்பட்டது. பேசியவன் கருத்தை நாடவேண்டும் என்ற நெறி ஆங்கு நீதிமன்றத்தின் வாயால் வந்தது. தமிழர் அதனைப் 'பயன்' என்றும் 'முன்னம்' என்றும் செய்யுள் உறுப்பிலேயே வைத்திருந்தனர்.

அரசை மட்டும் சாடி அமையும் கட்டுரை மன்னாரில் எடுபடாது. 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் எழுபதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் தம் வீடு வாசல்களைவிட்டு விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். மன்னார்த் தீவின் எருக்கலம்பிட்டியும், சிலாவத்துறையைச் சூழ்ந்த முசலிப் பற்று ஊர்களும் வெறுமையாயின. பலர் கடல்வழியாகக் கற்பிட்டியை அடைந்தனர். புத்தளத்து முகாம்களில் ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்தது. ஒரு சமூகம் முழுவதையும் ஒற்றர் என ஐயுற்ற அச்செயலுக்குச் சட்டமும் இல்லை, பிரிவும் இல்லை, முறையிட ஒரு நீதவானும் இல்லை. அச்சமூகத்தின் இளைஞர் ஒருவர் முப்பது ஆண்டுகளின் பின்னர் மற்றோர் அதிகாரத்தால், அதே ஐயத்துக்கு ஆளானார் என்பதைத் தமிழ்ப் பள்ளிகளிற் கற்பிப்போர் ஊன்றி எண்ணவேண்டும். நெடுங்கிள்ளியின் வாள் ஒரு குடிக்கு மட்டும் உரியதன்று.

2022ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் திருத்தம் தடுப்புக் காவலின் எல்லையைப் பன்னிரண்டு மாதமாகக் குறைத்தது. நீதவான் காவலிடத்தைச் சென்று பார்வையிடவும், சட்டத்தரணியை அணுகவும் வழி வகுத்தது. இவை பயனற்றவை என ஒதுக்கத்தக்கன அல்ல. நீதவான் நேரிற் சென்று கைதியைக் காண்பது, கோவூர்கிழார் உரிய காலத்தில் அரங்கினுட் புகுந்ததனோடு ஒருவாறு ஒக்கும். எனினும் பொலிஸ் ஒப்புதலைச் செல்லுபடியாக்கும் 16ஆம் பிரிவை அத்திருத்தம் அகற்றவில்லை. சொல்லைக் குற்றமாக்கும் பகுதியின் பரந்த வரையறையையும் ஒடுக்கவில்லை. பயங்கரவாதம் என்பதற்குரிய வரைவிலக்கணத்தைப் புதுக்குவதாகக் கூறி 2018இலும் 2023இலும் வெளிவந்த மசோதாக்கள் ஒன்றுக்கொன்று மாறுபட்ட நெடிய விளக்கங்களைக் கொண்டிருந்தன. அவற்றைப் பற்றிய விவாதமும் காவல் எத்தனை மாதம், கட்டளையிடுபவர் யார் என்பவற்றையே பெரிதும் சுற்றியது.

வேண்டப்படுவன சிலவே, அவை பெருஞ்செலவினவும் அல்ல. எழுத்தோ பேச்சோ காரணமாக ஒருவர் கைதுசெய்யப்படின், அவ்வெழுத்தின் மூலம் முழுவதும், பொறுக்கிய சில அடிகள் மட்டுமன்றி, முதல் வாரத்திலேயே நீதவான்முன் வைக்கப்படல் வேண்டும். பெயர்ப்பு பொலிஸ் சேவையைச் சாராத சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரால் செய்யப்படல் வேண்டும். அதனை மறுக்க எதிரி தாமும் ஓர் அறிஞரை அழைக்கும் உரிமை வேண்டும். கூற்று எவருடையது என்பதை அரசுத் தரப்பு முதற்கண் நிறுவல் வேண்டும். ஒருவர் தாமறிந்த மொழியில் எழுதப்படாத வாக்குமூலம் எவர் முன்னிலையிற் பெறப்பட்டதாயினும் செல்லாதொழிதல் வேண்டும். இவற்றுள் எதுவும் குண்டுவைப்போனுக்குத் துணைபோகாது. குண்டுவைப்போனின் பேச்சு முதல் வாரத்திலேயே நீதவானுக்கு விளங்கும் மொழியில் அவர் மேசைமீது கிடக்கும்.

'நவரசம்' எழுதியவர் தமது அடிப்படை உரிமை மனுவில், காவலில் விலங்கிடப்பட்டும் ஒப்புதல் கொடுக்குமாறு நெருக்கப்பட்டும் இருந்ததாக முறையிட்டார். தம் கவிதையின் பொருளைத் தாமே தம் மொழியில் விளக்கும் வாய்ப்பு ஒரு நீதிமன்றத்தின் திறந்த அவையில் அவருக்குக் கிட்டுமுன் ஓராண்டுக்கு மேல் கழிந்திருந்தது. உறையூரில் இளந்தத்தனுக்காகப் பேசிய பாட்டு பன்னிரண்டு அடிக்கும் குறைவானது. அதனைக் கேட்டு முடிக்க நெடுங்கிள்ளிக்கு அரை நாழிகையும் சென்றிராது.